மணல், ஆட்டுப்பட்டி, குருத்தோலை

தேனாம்பேட்டையின் உட்தெரு ஒன்றில், மே மாதத்து வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், சிறிய தேவாலயம் ஒன்றின் பக்கக் கூடத்தில் நாம் அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தது. நண்பர் ஒருவரின் மகளை அழைத்துவரச் சென்றிருந்தோம். விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்துகொண்டிருந்தது. ஐந்தாறு வயதுக் குழந்தைகள் இருபது பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தனர். நோவாவின் கதை சொல்லி முடிந்து, கைவேலைக்கான நேரம். ஒவ்வொருவர் முன்பும் ஒரு காகித உறை. பேழை, யானை, ஒட்டகச்சிவிங்கி, வானவில், புறா எல்லாம் அச்சாகி, வெட்டுக்கோடும் இட்டு அதற்குள் இருந்தன. கோட்டோரமாகக் கிழித்துப் பசை தடவி ஒட்டினால் கதை முடிந்தது. எல்லாக் குழந்தைகளும் ஒட்டிக்கொண்டிருக்க, ஒரு சிறுவன் மட்டும் உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, காக்கா எங்க?"

கதை கூறிய அந்தக் கல்லூரிப் பெண் சற்றுத் திகைத்தார். சிறுவன் கேட்டது நியாயமே. ஆதியாகமத்தின்படி நோவா முதலில் வெளியே விட்டது காகத்தைத்தான். புறா அதன் பின்னரே பறந்தது. காகிதத் தொகுப்பை அச்சிட்டவர்களுக்குக் காகம் அழகாகத் தோன்றவில்லை போலும். கதையைக் காதால் கேட்ட பிள்ளைக்குக் காகம் தேவைப்பட்டது. சென்னைப் பிள்ளைக்குத் தினமும் மதிற்சுவரில் காணும் பறவை அல்லவா! ஒரு கறுப்புச் சார்ட் காகிதத் துண்டைத் தேடி எடுத்து, கோணல்மாணலாக ஒரு காகத்தைக் கத்தரித்து அவன் பேழையின் கூரைமேல் ஒட்டினான். பேழையைவிடக் காகம் பெரிதாக இருந்தது.

இச்சிறு நிகழ்ச்சி நம்மைப் பல நாள் யோசிக்கவைத்தது. குழந்தைகளுக்கு விவிலியக் கதைகளைக் கைவேலை மூலம் கற்பிப்பது என்றாலே அமெரிக்காவிலிருந்து பசைப்புட்டியோடு வந்திறங்கிய ஒரு வழக்கம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். பாதி உண்மை. மறுபாதி நம் சென்னையிலேயே, எழும்பூரிலும் அடையாற்றிலும் கிடக்கிறது. அதைத் தேடிச் சென்ற வழியைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

ஞாயிறு பள்ளியின் கதை இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் 1780இல் தொடங்குவதாகச் சொல்வது மரபு. ராபர்ட் ரெய்க்ஸ் என்ற செய்தித்தாள் ஆசிரியர், வாரத்தின் ஆறு நாளும் ஊசித் தொழிற்கூடங்களில் உழைத்த ஏழைக் குழந்தைகளுக்கு ஏழாம் நாளில் எழுத்தறிவு புகட்ட ஏற்பாடு செய்தார். வாசிக்கக் கற்றால் விவிலியம் வாசிக்கலாம் என்பது நோக்கம். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அப்பள்ளிகளில் கைக்கு இடமில்லை. கை ஆறு நாளும் உழைத்துக் களைத்த உறுப்பு; ஓய்வுநாளில் அதற்கு வேலை கொடுப்பது பாவம். எழுதுவதும் வேலையே என்று கருதி, ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத்துப் பயிற்சி அளிக்கலாமா என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சபைகளுக்குள் கடும் வாதம் நடந்தது. வெஸ்லியச் சபையின் தலைவர்கள் கூடாது என்றே நின்றனர். வாசிக்கலாம், எழுதக் கூடாது! காதும் கண்ணும் வாயும் பரிசுத்தம். கை மட்டும் சந்தேகத்துக்குரியது.

இந்தத் தடையைத் தளர்த்தியவர் ஒரு ஜெர்மானியப் போதகரின் மகன். பிரீட்ரிக் புரோபல் 1837இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சிறு குழந்தைகளுக்கென ஒரு கூடம் அமைத்து, 1840இல் அதற்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயரிட்டார். காகிதம் மடித்தல், கத்தரித்தல், பின்னுதல், களிமண் பிசைதல், ஊறவைத்த பட்டாணியில் குச்சி செருகி உருவம் அமைத்தல் ஆகியவை அங்கே விளையாட்டும் பாடமும் ஆயின. சென்னை மாகாணத்தின் பெண்கள் பள்ளி ஆய்வாளராக இருந்த இசபெல் பிராண்டர் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்முறையை இந்தியப் பள்ளிகளுக்கு ஏற்பப் பரப்ப முயன்று, அதுபற்றி நூலும் எழுதினார்.

அமெரிக்கர்கள் இதை ஞாயிறு பள்ளிக்குள் கொண்டுவந்தனர். நியூயார்க் மாநிலத்தின் ஷட்டாக்குவா ஏரிக்கரையில் 1874இல் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கூட்டம் ஒன்று தொடங்கியது. அங்கே அவர்கள் பாலஸ்தீன நாட்டையே மண்ணில் சிறிய அளவில் அமைத்தனர். ஏரிதான் மத்தியதரைக் கடல், மண்மேடுகள் மலைகள். அந்தப் பூங்கா இன்றும் இருக்கிறது. விரைவில் வகுப்பறைகளுக்குள் மணல்மேசைகள் வந்தன. உடைந்த கண்ணாடித் துண்டு கலிலேயாக் கடல். தீக்குச்சிப் பெட்டிகள் நாசரேத்தின் வீடுகள். மில்டன் லிட்டில்பீல்ட் என்பவர் ஞாயிறு பள்ளிக் கைவேலை பற்றி 1908இல் முழு நூலே எழுதினார். இதற்கிடையே, 1898இல் எலைசா ஹாஸ் என்ற அம்மையார், நியூயார்க் நகரின் நெருக்கடியான கிழக்குப் பகுதியில் கோடை விடுமுறையில் தெருவில் அலைந்த பிள்ளைகளுக்காக ஒரு பீர்க்கடையின் கூடத்தை வாடகைக்கு எடுத்து, பாட்டும் கதையும் கைவேலையுமாக விவிலியப் பள்ளி நடத்தினார். அதை ராபர்ட் போவில் என்ற போதகர் பல நகரங்களுக்குப் பரப்பினார். தேனாம்பேட்டைக் கூடத்தில் நாம் கண்டது அந்தப் பீர்க்கடைக் கூடத்தின் கொள்ளுப்பேத்தி.

மணல்மேசை என்றதும் நாம் நிற்க வேண்டியிருக்கிறது. மணலை வைத்துக் கற்பிப்பதற்கு நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லையே!

இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே 1623இல் கன்னட நாட்டின் இக்கேரியில் ஒரு காட்சியைக் கண்டு எழுதிவைத்தார். கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் தரையில் மெல்லிய மணலைப் பரப்பி, விரலால் எழுதியபடியே இராகத்தோடு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தனர். ஆசிரியர் அருகில் இல்லை. தவறினால் யார் திருத்துவார் என்று அவர் வினவ, நால்வருக்கும் ஒரே இடம் ஒரே நேரத்தில் மறந்துபோகாது என்ற பொருளில் அச்சிறுவர்கள் விடை தந்தனராம். எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழ் கற்க முனைந்தபோது, முதிய தமிழ் ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, குழந்தைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் அகரம் எழுதிப் பழகினார். தமிழில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சேற்றியவர் அவர். அந்தக் கை முதலில் எழுதியது மணலில் என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு சிலிர்ப்பு உண்டாகிறது. அவரை அனுப்பிய ஹாலே நகரத்து அனாதை இல்லத்திலும் கைக்கு மதிப்பு இருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கலாம். அங்கே கிறிஸ்டோப் செம்லர் என்பவர் எருசலேம் நகரத்தையும் சாலமோன் ஆலயத்தையும் மரத்தால் சிறு உருவங்களாகச் செய்து மாணவருக்குக் காட்டினார்.

இனி எழும்பூர். இன்று இரயில் நிலையம் இருக்கும் பகுதியில் அன்று ஒரு சிறு கோட்டை இருந்தது. 1789இல் அதற்குள் இராணுவ ஆண்பிள்ளைகள் காப்பகம் ஒன்று திறக்கப்பட்டது. கும்பினிப் படையின் ஆங்கிலச் சிப்பாய்களுக்கு, பெரும்பாலும் இந்தியப் பெண்களிடத்தில் பிறந்து, ஆதரவற்றுப்போன சிறுவர்கள் அங்கே சேர்க்கப்பட்டனர். அதன் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக் குருவானவர். ஆசிரியர்கள் சோம்பேறிகள், பிள்ளைகளுக்கு எழுத்து ஏறவில்லை என்பது அவர் குறை. ஒருநாள் காலையில் குதிரையேறி உலாவச் சென்றவர், தமிழ்ப் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். உடனே காப்பகத்துக்குத் திரும்பி, மணல் பரப்பிய பலகைகளைச் செய்வித்தார். துணையாசிரியர்கள் இது தங்கள் தகுதிக்கு இழுக்கு என்பதுபோல் ஒதுங்கினர். பெல் அவர்களை விட்டுவிட்டு, ஜான் பிரிஸ்கின் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஒரு சிப்பாயின் மகனான அவன் அதைச் செவ்வனே செய்து முடித்தான்.

பெல் 1796இல் ஊர் திரும்பி, மறு ஆண்டு தம் சென்னை அனுபவத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் அம்முறைக்கு அங்கே 'மதராஸ் முறை' என்றே பெயர். ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் மணல்மேசைகளை அமைத்தார். கவிஞர்கள் வேர்ட்ஸ்வர்த்தும் கோல்ரிட்ஜும் சதேயும் பெல்லைப் போற்றினர். சதே அவருடைய வரலாற்றை எழுதத் தொடங்கினார். அவர் மகன் முடித்தார். ஆங்கிலத் திருச்சபையின் சார்பில் 1811இல் தேசியக் கழகம் தோன்றி, ஆயிரக்கணக்கான பள்ளிகளில் இம்முறை பரவியது. மணற்பலகையில் எழுத்துப் பழகிய பிள்ளைகள் அடுத்து வாசித்தவை இயேசுவின் உவமைகளும் அற்புதங்களும் அடங்கிய சிறு நூல்கள். இங்கிலாந்தின் ஏழைக் குழந்தை நல்ல சமாரியனின் கதையை அடைந்த வழி, சென்னைத் தெருவொன்றின் மணல் வழியாகச் சென்றது என்று சொன்னால் மிகையாகாது.

இதில் பெருமைப்பட ஏதுமில்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பெருமையோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பெல் மணலை நம்மிடமிருந்து கற்றதாக ஒப்புக்கொண்டார். மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பது மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்று இறுதிவரை சாதித்தார். நம் திண்ணைப் பள்ளிகளை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பர். சட்டாம்பிள்ளை என்று ஒருவன் அங்கே இருந்தான் அல்லவா? உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குச் சட்டாம்பிள்ளையின் அதிகாரம் எத்தகையது என்பது தெரியும். 1823இல் பெல்லாரி மாவட்ட ஆட்சியராக இருந்த கேம்பல் என்ற ஆங்கிலேயர், ஆளுநர் மன்றோ கேட்ட கல்விக் கணக்கெடுப்புக்கு அனுப்பிய அறிக்கையில், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் நாட்டு வழக்கம் சிறப்பானது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது பொருத்தமே என்று வெளிப்படையாகவே எழுதினார். தரம்பால் 1983இல் வெளியிட்ட 'அழகிய மரம்' நூலின் வழியாக அந்த அறிக்கை மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது.

இன்னொன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. பெல் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களைப் பற்றிக் கொண்டிருந்த கருத்து மிகத் தாழ்வானது. தாயின் பழக்கவழக்கங்களிலிருந்து பிள்ளையைப் பிரித்தெடுப்பதே தம் பள்ளியின் முதற்கடமை என்று அவர் நம்பினார். கற்பிக்கும் முறையைத் தாயின் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டு, தாயை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்திய பள்ளி அது. அச்சிறுவர்கள் மணலில் எழுதிய எழுத்துகள் ஆங்கில எழுத்துகள். விரல் தமிழ்ப் பிள்ளையினுடையதைப் போலவே அசைந்தது; வாயிலிருந்து வந்த ஒலி வேறு. காப்பகமும் 1870களின் தொடக்கத்தில் நீலகிரிக்குப் பெயர்ந்துபோயிற்று. எழும்பூரில் இன்று அதன் சுவடே இல்லை.

பெல் கப்பலேறி இருபது ஆண்டுகள் ஆனபின், 1816 ஜனவரி 8இல், அன்றைய ஆங்கிலேயரின் தோட்டவீடுகள் நிறைந்திருந்த சௌல்ட்ரி வெளியில் தூய ஜார்ஜ் ஆலயத்தைக் கல்கத்தாவின் முதல் பேராயர் மிடில்டன் அர்ப்பணம் செய்தார். தேனாம்பேட்டையின் விளிம்பில் உள்ள இவ்வாலயம் 1835இல் பேராலயம் ஆயிற்று. கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்தது அதுவே. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் பிறந்ததும் அங்கேதான். இவ்வாலயம் எழும்பிய அதே ஆண்டுகளில், மதராஸ் முறையும் மிஷனரிகளின் கைப்பெட்டியில் இந்தியாவுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ராபர்ட் மே என்பவர் 1814இல் வங்காளத்துச் சின்சுராவில் அம்முறையில் பள்ளி தொடங்கினார். நம் சட்டாம்பிள்ளை ஆங்கிலக் கோட்டு அணிந்து திரும்பிவந்தான் என்று சொல்லத் தோன்றுகிறது.

தெற்கே கை வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் 1820களின் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அவர் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை 1844இல் மணந்து இடையன்குடி சென்று அங்கும் அக்கலையை நிறுவினார். பள்ளியின் ஒரு பொழுதில் வேதம், மறுபொழுதில் லேஸ். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. லேஸ் பிழைப்புக்கு; கதை ஆன்மாவுக்கு. பல பெண்களின் வாழ்வை அது நிமிர்த்தியது என்பதை மறுக்க மாட்டோம். எனினும் நாம் தேடுவது அதுவன்று. கதையே கைக்குள் வருவது எப்போது, எங்கே என்பதுதான் நம் வினா.

அதற்கு அடையாற்றுக்குப் போக வேண்டும். மரியா மாண்டிசோரி 1939இன் இறுதியில், ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பின்பேரில், தம் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். வயது அறுபத்தொன்பது. பிரம்மஞான சபை வளாகத்தில் நடந்த முதல் பயிற்சி வகுப்பில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் சேர்ந்தனர். சில மாதங்கள் தங்கிச் செல்ல வந்தவரை உலகப் போர் இங்கேயே நிறுத்திவைத்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியக் குடிமக்கள் என்பதால் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரின் நடமாட்டமும் கட்டுப்படுத்தப்பட்டது. பின்னர் கோடைக்கானலில் சில ஆண்டுகள் தங்கி, 1946இல்தான் அவர் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் வந்தார்.

மாண்டிசோரியின் கருவிகளில் புகழ்பெற்றது உப்புத்தாள் எழுத்து. பலகையில் சொரசொரப்பான உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி ஒட்டியிருப்பர். குழந்தை கண்ணை மூடிக்கொண்டும் விரலால் அதைத் தடவி, ஒலியை உச்சரிக்கும். மணலேதான்! இக்கேரிச் சிறுவர்களிடமிருந்து அவர் இதைப் பெற்றார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் அதை உரோமிலேயே, தம் முதற்பள்ளியில் உருவாக்கிவிட்டார். ஆனால் அடையாற்றில் அவர்முன் அமர்ந்திருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் தம் பாட்டனார் மணலில் எழுதிய கதையைக் கேட்டு வளர்ந்திருப்பர் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

அடையாற்றில் அவர் கற்பித்தது சமயம் அன்று. எனினும் அவர் கத்தோலிக்கர். சமயக் கல்வியையும் கையின் வழியே சிந்தித்தவர். ஸ்பெயினின் பார்சலோனாவில் 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் அமைத்த பள்ளியில், குழந்தைகள் நிலத்தில் கோதுமை விதைத்தனர். திராட்சைக் கொடி வளர்த்தனர். திருப்பலியின் அப்பமும் இரசமும் அவர்கள் கண்முன்னே மண்ணிலிருந்து வளர்ந்து வந்தன. குழந்தையை உட்காரவைத்து ஞானோபதேசத்தை ஒப்பிக்கச் சொல்வதற்கும், இதற்கும் உள்ள தூரத்தை நாம் அளந்து சொல்ல வேண்டியதில்லை. இவ்வனுபவங்களிலிருந்து எழுந்த 'திருச்சபையில் குழந்தை' என்ற நூல் 1929இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

அவர் மறைந்த ஈராண்டுக்குப் பின், 1954இல், உரோமில் சோபியா கவாலெட்டி என்ற எபிரேய மொழி அறிஞரும், மாண்டிசோரி ஆசிரியரான ஜியானா கோபியும் இதை விவிலியக் கதைகளுக்கு எடுத்துச் சென்றனர். 'நல்லாயன் மறைக்கல்வி' என்று அது பெயர்பெற்றது. முறை மிக எளிமையானது. ஒரு மரத்தட்டு, அதில் சிறு வேலியிட்ட ஆட்டுப்பட்டி, மரத்தில் வெட்டிய ஆடுகள், ஓர் ஆயன். பெரியவர் உவமையைச் சொல்லியபடி ஆயனை மெதுவாக நகர்த்துவார், ஆடுகள் பின்தொடரும். பிறகு குழந்தை தனியே அமர்ந்து, தானே நகர்த்தும். ஆடுகள் யார் என்று சொல்லிக்கொடுப்பதில்லை. பல வாரம் நகர்த்திய பிறகு, ஏதோ ஒரு நாளில் குழந்தையே கண்டுகொள்ளும். பொருள்களைக் கூடியவரை ஆசிரியர்களே தம் கையால் செய்ய வேண்டும் என்பதும் அம்முறையின் வழக்கம். பெரியவரின் கை முதலில் உழைக்க வேண்டும். குழந்தையின் கை பிறகு. கவாலெட்டி 2011இல் மறைந்தார்.

இங்கேதான் அந்தக் காகித உறைக்கும் இந்த மரத்தட்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் பிடிபடுகிறது. உறையிலிருந்த ஓவியம் முன்பே முடிந்துவிட்ட ஒன்று. குழந்தை செய்வது பசை தடவும் கூலிவேலை. மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோனால், அம்மா குளிர்பெட்டியின் கதவில் ஒட்டுவார். ஒரு வாரத்தில் கழன்று விழும். இருபது குழந்தைகளின் பேழையும் ஒன்றுபோலவே இருக்கும். ஆசிரியர்களின் சங்கடமும் நமக்குப் புரியாமலில்லை. கல்லூரித் தேர்வு முடித்த கையோடு, ஊதியமின்றி, வெயிலில் வந்து நிற்பவர்கள் அவர்கள். ஐம்பது பிள்ளைகளுக்கு ஆயத்தத் தொகுப்பு இல்லாமல் சமாளிப்பது எளிதன்று. எனினும் நம் வாதத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. காகத்தைக் கேட்ட பிள்ளைக்கு விடை தரமுடியாத கைவேலை, கதையைக் கற்பிக்கவில்லை, கதையை மூடிவைக்கிறது.

அதுவும் நம் நாட்டில் இக்கதைகளுக்கான பொருள்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்கும்போது! கடுகு விதையின் உவமையைச் சொல்ல அச்சிட்ட படம் எதற்கு? அஞ்சறைப்பெட்டியைத் திறந்தால் போதும். கவாலெட்டியின் வகுப்புகளிலும் உண்மையான கடுகையே குழந்தையின் விரல் நுனியில் வைக்கின்றனர். இங்கே அக்கடுகு தாளித்ததும் வெடிக்கும் என்பது வரை குழந்தைக்குத் தெரியும். சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழியும் காதில் விழுந்திருக்கும். சகேயு ஏறியது காட்டத்தி மரம் என்று தமிழ் விவிலியம் சொல்கிறது. தொகுப்புகளிலோ ஏதோ ஒரு பச்சைப் பந்து போன்ற மரம். தாவீதின் கவணை, நம் வயல்களில் கிளி விரட்டும் கவணைக் காட்டாமல் விளக்க முடியுமா? ஆட்டுப்பட்டிக்கும் உரோமுக்குப் போக வேண்டியதில்லை. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது தமிழ்நாட்டில் இன்றும் உள்ள வழக்கம். கி.ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலைப் படித்தவர் எவரும், ஆயன் தன் ஆடுகளை அடையாளம் அறிவான் என்ற வாக்கியத்தை அதன்பின் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார்.

உண்மையில், நம் மக்கள் இதை எந்த முறையின் பெயரும் அறியாமலே செய்துவருகின்றனர். கிறிஸ்துமஸ் குடிலைப் பாருங்கள். அசிசியின் பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில், வைக்கோலும் மாடும் கழுதையுமாக முன்னணைக் காட்சியை அமைத்தார். அந்த வழக்கம் இங்கு வந்து நம் மண்ணைப் பிடித்துக்கொண்டது. மார்கழிக்குச் சில நாள் முன்பே பிள்ளைகள் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கம்போ விதைத்து, தினமும் நீர் தெளித்து, அது பச்சைப்பசேல் என்று எழும்புவதைக் காத்திருந்து பார்க்கின்றனர். பெத்லகேம் வயல்வெளி அதுதான். பார்சலோனாவின் கோதுமைக்கு இது எவ்வகையிலும் தாழ்ந்ததன்று. மதுரையை அடுத்த விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் அதே கைகள், டிசம்பரில் சூசையப்பரையும் மூன்று ஞானிகளையும் வனைகின்றன. கொலுப்படியில் பொம்மை அடுக்கிய பிள்ளையும், குடிலில் ஆட்டை நகர்த்தி நகர்த்தி வைக்கும் பிள்ளையும் கதையைக் கற்கும் வழி ஒன்றே. ஒட்டகத்தில் வரும் ஞானியரை முதல் நாள் தொலைவில் வைத்து, நாளுக்கு ஒரு விரற்கடை நகர்த்தி, ஜனவரி 6இல் குடிலை அடையவைக்கும் வீடுகளும் உண்டு. அக்குழந்தைக்குக் கிழக்கிலிருந்து பெத்லகேம் எவ்வளவு தூரம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

குருத்தோலை ஞாயிறு இன்னும் நுட்பமானது. இயேசு எருசலேமுக்குள் நுழைந்த நாளின் நினைவாகத் தேவாலயங்களில் ஓலை தருவர். கையில் பிடித்து ஓசன்னா பாடி ஊர்வலம் வந்தபின், மறையுரை நடக்கும்போதே பின்வரிசையில் பிள்ளைகளின் விரல்கள் வேலையைத் தொடங்கிவிடும். இளங்குருத்தைக் கிழித்து, ஒரு மடிப்பு, ஒரு செருகல், இழுத்தால் சிலுவை. யாரும் வகுப்பு எடுப்பதில்லை. மூத்த பிள்ளை செய்வதைப் பார்த்து இளையது செய்யும், சட்டாம்பிள்ளை முறை! ஓலையில் கடிகாரமும் பாம்பும் கிலுகிலுப்பையும் மடித்துப் பழகிய கைகளுக்கு அது புதிதும் அன்று. தேனாம்பேட்டையிலும் சாந்தோமிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நின்று பார்த்தால், சட்டைப்பையில் ஓலைச் சிலுவை செருகிய சிறுவர்கள் பேருந்துக்குக் காத்திருப்பதைக் காணலாம்.

அச்சிலுவை குளிர்பெட்டிக் கதவில் ஒட்டப்படுவதில்லை. கத்தோலிக்க வீடுகளில் அது சுவாமி படத்தின் பின்னே செருகப்பட்டு ஓராண்டு முழுவதும் இருக்கும். பச்சை வெளுத்து, மஞ்சளாகி, ஓரம் சுருண்டு, சருகாகும். மறு ஆண்டு தவக்காலம் நெருங்கும்போது, பழைய ஓலைகளைக் கொண்டுவருமாறு ஆலயத்தில் அறிவிப்பார்கள். வீட்டிலுள்ள குழந்தைதான் நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்து வரும். ஓலைகளைக் குவித்து எரிக்கின்றனர். சாம்பல் புதனன்று குருவானவர் அந்தச் சாம்பலைத் தொட்டு, வரிசையில் வரும் ஒவ்வொருவரின் நெற்றியிலும் சிலுவை வரைகிறார். சென்ற ஆண்டு தான் மடித்த ஓலையும் அதில் இருக்கிறது என்று அறிந்த குழந்தை, நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரல் நுனியில் ஒட்டிய கறுப்பை உற்றுப் பார்க்கிறது.